மெழுகு தேய்த்த டிராயர்

எய்யா சேகர், சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றில் எதைச் சொன்னாலும் உனக்குக் கோபம் வரும். அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வந்தது, அதைக் கண்டுபிடிக்க எந்த டெஸ்ட்டும் வேண்டாம். நேற்று நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணி, "ரிசல்ட் நல்லபடியா வந்திருக்கும்மா" என்றாய். நான் நின்ற இடத்திலேயே ஆண்டாளை நினைத்துக் கும்பிட்டுவிட்டு, "அப்பம் தை மாசமே கல்யாணத்த வச்சிருவமாய்யா?" என்று கேட்டேன். "ஒரு வருசம் போகட்டும்மா. ஒரு டெஸ்ட்ட வச்சு முழுசாச் சொல்லிர முடியாது" என்றாய். முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஊரார் பேச்சுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நான். எனக்கே வாயடைத்துப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். இதை உனக்குப் பார்த்திருக்கிற ஜெயந்தியும் படிப்பாள், உன் அப்பாவும் படிப்பார். வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. எனக்கு வந்தது வியாதி, திருட்டுப் பட்டம் இல்லையே, மறைத்து வைப்பதற்கு.

எனக்கு உடம்பு கெட்டபோது நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய். பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ராஜபாளையம் எக்ஸ்சேஞ்சின் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தலை கிறுகிறுக்கும், அவ்வளவுதான். பக்கத்துப் போர்டில் இருந்த தெலுங்குக்காரி சீதம்மாதான் முதலில் சொன்னாள்: "அம்மா தல்லீ, வெள்ளையடிச்ச செவுரு கணக்கா இருக்கே. போயி ரத்தத்தப் பாரு." ரத்தம் பார்த்தால் பாதிதான் இருந்தது. அந்த வருஷம் எங்கள் தெரு முருங்கை மரத்தையெல்லாம் நான் மொட்டையடித்தேன். ஆட்டு ஈரல், பேரீச்சம்பழம், இரும்புச் சத்து டானிக் என்று தின்று தீர்த்தேன். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது, தொட்டியில் எங்கே ஓட்டை என்று பார்க்கத் தோன்றவில்லை. மதுரைக்குப் போன பிறகுதான் பெருங்குடலின் வலது பக்கத்தில் ஒரு கட்டி இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. "அவனுக்குப் பரீட்சை, சொல்ல வேண்டாம்" என்று உன் அப்பா சொன்னார். நான்தான் சண்டை போட்டு உன்னை வரவழைத்தேன். சாகிறதாக இருந்தால் உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்று இருந்தது.

ஆப்பரேஷன் அன்று நடந்த ஒரு கூத்தை உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. அறுத்து எடுத்ததை ஒரு பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டு, வேறு தெருவில் இருந்த லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி உன் அப்பாவிடம் தந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் அப்படித்தான், நாம்தான் சுமக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஊறுகாயா?" என்றிருக்கிறான். உன் அப்பா அசையாமல், "கோர்ட்டுச் சாமான், தொடாதய்யா" என்றாராம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் காலம் பூராவும் குப்பை கொட்டிய குமாஸ்தாவுக்கு வேறு என்ன பதில் வாயில் வரும்? வார்டில் வந்து இதைச் சொன்னபோது தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அந்த லேபில் சோதித்துவிட்டு இரண்டு மெழுகுக் கட்டிகளைத் திருப்பித் தந்தார்கள். தீப்பெட்டியை விடச் சின்னது, நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு. ஒன்றில் கட்டியிலிருந்து வெட்டிய சதை, மற்றதில் அதை அடுத்திருந்த நல்ல குடல். வேறு பெரிய டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் தேவைப்படும் என்று சொன்னார்களாம். தேவைப்படவில்லை, நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் உன் அப்பாவுக்கு எதையும் எறிய மனசு வராது. கொலைக் கேசில் சிக்கின அரிவாளுக்குக் கட்டுகிற மாதிரி இரண்டுக்கும் நூலில் சீட்டுக் கட்டி, 'சான்றுப் பொருள் 1', 'சான்றுப் பொருள் 2' என்று எழுதி, பால்கோவா டப்பாவில் போட்டு பரணில் ஏற்றிவிட்டார். "பீடையக் கொண்டுபோயி கண்மாயில எறியுங்க" என்று எத்தனையோ தடவை கத்தினேன். "ஏட்டி, அப்பீல் டயம் முடியாம சான்றுப் பொருள அழிக்கக் கூடாது" என்பார். "எந்தக் கோர்ட்டுல அப்பீலு?" என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார்.

பிறகு நான் செய்த காரியம் உனக்குத் தெரியும். சுண்ணாம்பு அடிக்கப் பரணைக் காலி செய்த ஐப்பசியில், அந்த டப்பா கீழே வந்து மற்ற தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடந்தது. மழையில் மர பீரோவின் டிராயர் ஊறி உப்பிக்கொண்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. டப்பாவை யாரோ கவிழ்த்திருக்க வேண்டும், தரையில் ஒரு மெழுகுத் துண்டு கிடந்தது. சீட்டும் இல்லை, நூலும் இல்லை. கார்த்திகைக்கு வாங்கி மிஞ்சின மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை என்று நினைத்து, டிராயரின் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தேன். டிராயர் வெண்ணெய் மாதிரி ஓடிற்று. உன் அப்பா கோர்ட்டிலிருந்து வந்து என் கையைப் பார்த்தார். "அடிப்பாவி மகளே, சாட்சியக் கலச்சிட்டியே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் குடலை நானே தேய்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், குமட்டல் ஒரு பக்கம். அவர் மிச்சத்தை வாங்கி, புதுச் சீட்டுக் கட்டி, 'சேதமடைந்தது' என்று எழுதித் திரும்பவும் பரணில் ஏற்றினார். நல்ல குடல் இருந்த இரண்டாம் நம்பர் முழுசாக இருந்தது. தேய்ந்தது வியாதி இருந்த ஒன்றாம் நம்பர்.

இது இப்படியே வீட்டுக்குள் கேலிப் பேச்சாக முடிந்திருக்கும், போன வருஷம் உனக்கு ஜெயந்தியைப் பார்க்காமல் இருந்திருந்தால். ரிடையர் ஆன பிறகும் உன் அப்பா ஒரு வக்கீலிடம் வேலைக்குப் போகிறார் அல்லவா, அங்கே ஜூனியராக இருக்கிற பெண். பார்த்தாய், பிடித்தது. நீங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டதும் எனக்குத் தெரியும். ஆவணியில் தாலிக்குப் பொன் கொடுத்துச் செய்து வாங்கியும் வைத்துவிட்டேன். அப்புறம் நீ ஒரு நாள் வந்தாய், முகம் தொங்கிப் போய். "அம்மா, எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றாய். பெங்களூரில் நீ வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் இதே வியாதியைத்தான் பார்க்கிறீர்கள் என்றும், சில குடும்பங்களில் இது ரத்தத்தோடு இறங்கும் என்றும் சொன்னாய். "ஒனக்கு வந்திருக்கு. புதுப்பட்டி மாமாவும் ஐம்பது வயசுல வயித்துக் கட்டியிலதான் செத்தாக. எனக்கும் இருந்தா? எனக்குப் பொறக்கிற பிள்ளைக்கும் போனா?" என்று கேட்டாய். எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது, ஐயா. கத்தியால் அறுத்தபோதுகூட நான் அப்படித் துடிக்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை நீ. உனக்குப் பாலோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டேனா என்று அடுப்படியில் நின்று அழுதேன்.

நீ அழுகிற ஆள் இல்லை, விளக்குகிற ஆள். தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னாய். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே இருக்கிற எழுத்தையெல்லாம் படியெடுக்கிறது. படியெடுத்தால் பிழை வரும், பிழையைத் திருத்த என்றே சில மரபணுக்கள் உண்டு. அதில் ஒன்று பிறவியிலேயே உடைந்திருந்தால், பெற்றவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி போக வாய்ப்பு உண்டு. அதுதான் உன் பயம். ஆனால் அதே மரபணு உடையாமலே ஊமையாவதும் உண்டு. மெத்தில் என்று ஒரு துணுக்கு, அது மரபணுவின் வாசலில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். எழுத்து ஒன்றுகூடக் கெட்டிருக்காது, ஆனால் செல்லால் அதை வாசிக்க முடியாது. வயதாக ஆகக் குடலுக்குள் இது தானாக நடக்குமாம், பிள்ளைக்குப் போவது அநேகமாக இல்லையாம். "எது நடந்துச்சுன்னு பாக்கணும்னா அந்தப் பழைய கட்டி வேணும்மா. ஆஸ்பத்திரியில இத்தன வருசம் வச்சிருக்க மாட்டாங்க" என்று நீ சொல்லி வாய் மூடவில்லை, உன் அப்பா எழுந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பரணில் ஏறும்போது அவர் முகத்தைப் பார்த்தாயா? பெரிய கேசில் ஜெயித்த முகம்.

டப்பாவைத் திறந்ததும் நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். தேய்ந்து போன அந்தத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நீ எவ்வளவு நேரம் பார்த்தாய்! என் மகனுடைய கல்யாணத்தை நான் டிராயரில் தேய்த்துவிட்டேனா என்று ஆண்டாளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். நீ என்னைத் திட்டவில்லை. "மெழுகுதாம்மா தேஞ்சிருக்கு, உள்ள சதை இருக்கு. மயிரிழை மாதிரி ரெண்டு சீவல் கெடச்சாப் போதும்" என்றாய். என் கையிலிருந்து ரத்தமும் எடுத்துக்கொண்டாய். நம்மூர் பேண்டேஜ் துணியில் இரண்டு மெழுகுக் கட்டியையும் சுற்றி, மதுரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாய். பஸ் திரும்புகிறவரை உன் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

நேற்று நீ சொன்ன பதிலை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். கட்டியில் அந்தத் திருத்துகிற மரபணுவின் வாசல் பூராவும் மெத்தில் ஒட்டி அடைத்திருக்கிறது. பக்கத்து நல்ல குடலிலும், என் ரத்தத்திலும் வாசல் திறந்து கிடக்கிறது. எனக்கு இது புரிய உன் படிப்புத் தேவைப்படவில்லை, எக்ஸ்சேஞ்சில் நாங்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். பில் கட்டாத வீட்டுக்கு நாங்கள் கம்பியை வெட்ட மாட்டோம். ஊர்க் கம்பியெல்லாம் வந்து சேர்கிற இரும்புச் சட்டத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டு தகடுகளுக்கு நடுவே நகத்தளவு ஒரு துண்டைச் சொருகிவிடுவோம். வீட்டில் போன் இருக்கும், கம்பத்தில் கம்பி இருக்கும், ஒன்றிலும் பழுது இருக்காது. எடுத்துக் காதில் வைத்தால் மட்டும் சத்தம் வராது. நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்றில், ஊர் பேரை எழுத மாட்டேன், இன்னும் பென்ஷன் வாங்குகிறேன், ஒரு நாள் அந்தத் துண்டை ஆள் மாற்றிச் சொருகிவிட்டார்கள். எங்கே என்கிறாய்? போன் பழுதானால் கூப்பிட்டுச் சொல்கிற புகார் நம்பரில்! காலையிலிருந்து ஒரு புகார் இல்லை. "ஊர் பூரா லைனு ஜம்முன்னு இருக்கு, நம்ம வேலை அப்பிடி" என்று எங்கள் அதிகாரி எல்லாருக்கும் உளுந்த வடை வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் ஒரு மில் குமாஸ்தா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்: "மில்லுலருந்து எம்புட்டு நேரமா அடிக்கோம், எடுக்க நாதியில்லையா? எங்க தெருவுல ஒரு போனும் பேசல!" அவனுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. வடை தொண்டையில் நின்றது. துண்டை உருவினோம், புகார் மணி சாயங்காலம் வரை ஓயவில்லை.

என் வயிற்றிலும் நடந்தது இதுதானே, ஐயா? பழுது பார்க்கிறவன் ஊமையாகிவிட்டான், பிழைமேல் பிழை சேர்ந்து கட்டியாகிவிட்டது. நானும் இங்கே முருங்கைக்கீரை தின்றுகொண்டு சௌக்கியமாக இருப்பதாக நினைத்தேன். ஆனால் கம்பி வெட்டுப்படவில்லை. உனக்கு நான் உடைந்ததைக் கொடுக்கவில்லை. நீ ரிசல்ட் சொன்னதும் என் நெஞ்சிலிருந்து இறங்கின பாரத்தை இந்தக் காகிதத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அந்தத் துணுக்கை உள்ளே போய் உருவ முடியுமா என்று கேட்டேன், அதற்குத்தான் உலகத்தில் நிறையப் பேர் முட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றாய். நீயும் முட்டு. நல்ல வேலை அது.

இனி புதுப்பட்டி மாமா விஷயம். "ஒரு டெஸ்ட் போதாது" என்று நீ சொன்னது எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்தியது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோர்ட் கிடையாது. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு, வத்திராயிருப்புப் பஸ் ஏறி வ. புதுப்பட்டிக்கே போய்விட்டேன். உன் அத்தை, என் அண்ணன் பெஞ்சாதி, களத்தில் நெல் கிண்டிக்கொண்டு நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "மதினி, அண்ணனுக்கு வயித்துல கட்டின்னு சொன்னீயளே, எந்த எடத்துல இருந்துச்சு?" என்று கேட்டேன். மதினி நெல்லையே பார்த்தாள். ஜெயந்தி பக்கத்தில் போய், "பெரியவங்கள அசிங்கப்படுத்தக் கேக்கலம்மா. ஒரு கல்யாணம் நிக்குது, அதான் கேக்கோம்" என்றாள். மதினி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஈரல் வெந்து போச்சுன்னு டாக்டரு சொன்னாரு. சாராயத்துல போனாகன்னு சொன்னா எம்மகள எவன் கட்டுவான்? அதான் கட்டின்னோம். கட்டின்னா பாவம்னு சொல்லுவாக, சாராயம்னா காறித் துப்புவாகள்ல."

தன் மகளுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஒரு தாய் சொன்ன பொய், இத்தனை வருஷம் கழித்து என் மகனுடைய கல்யாணத்தில் வந்து குறுக்கே விழுந்திருக்கிறது. எனக்கு மதினிமேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் களத்திலேயே கட்டிக்கொண்டு அழுதோம். அவள் ஒரு சாக்கு நிறைய மொச்சை கட்டிக் கொடுத்தாள், உனக்குப் பிடிக்கும் என்று.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெயந்தி மொச்சைச் சாக்கைக் காலடியில் தள்ளிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்: "அத்தை, இந்த ரிசல்ட்டு வேற மாதிரி வந்திருந்தாலும் நான் கட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். ஒங்க மகன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. எனக்காக அவியளே பயந்து, எனக்காக அவியளே தீர்ப்பும் சொல்லிட்டாக." அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து இதை உன் அப்பாவிடம் சொன்னேன். "எதிர்தரப்ப விசாரிக்காமக் குடுத்த தீர்ப்பா? செல்லாது. ரத்து பண்ணிறலாம்" என்றார். நீ அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தவருக்காக நாம் பயப்படலாம், அடுத்தவருக்காக முடிவெடுக்கக் கூடாது. எனக்கும் இது லேசில் வந்த புத்தி இல்லை. உன் அப்பா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எனக்காக முடிவெடுத்தபோது நான் எவ்வளவு குதித்தேன் என்று நினைத்துப் பார்த்தால் உனக்குப் புரியும்.

ஒரு டெஸ்ட்டால் முழுசாகச் சொல்ல முடியாது என்கிறாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். எதைத்தான் முழுசாகச் சொல்ல முடியும்? பார்க்க வேண்டியதைப் பார். அதற்கான வயது வந்ததும் நீயும் குடலில் குழாய் விட்டுப் பார்த்துக்கொள், நான் வருஷா வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் படுக்கவில்லையா? ரத்தம் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேள், என்னை மாதிரி முருங்கை மரத்தோடு மல்லுக்கட்டாதே. பார்ப்பது வேறு, பயந்து கிடப்பது வேறு. ஆப்பரேஷன் டேபிளில் படுக்கும்போது இன்னும் ஒரு தீபாவளி கிடைத்தால் போதும் என்றுதான் நான் வேண்டினேன். பத்துத் தீபாவளி ஆகிவிட்டது. அத்தனையிலும் நான் பலகாரம் சுட்டேன், உன் அப்பாவோடு சண்டை போட்டேன், நீ வருகிற பஸ்ஸுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகள் இல்லாத குறை ஒன்றுதான்.

இன்று மத்தியானம் இதை எழுத உட்கார்ந்தபோது கண்ணாடியைக் காணவில்லை. ஜெயந்தியிடம், "பீரோ டிராயர்ல இருக்கா பாரும்மா" என்றேன். அவள் பலமாக இழுக்கப் போய், டிராயர் சர்ரென்று அவள் மடிக்கே வந்துவிட்டது. "என்ன அத்தை, இம்புட்டு லேசா வருது?" என்றாள். நான் அந்தக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. டிராயரின் பக்கத்து மரத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் நகைக்கடை ரோஸ் தாளில் மடித்த தாலிப் பொட்டலம் இருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். தொடவில்லை. கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு டிராயரை மெதுவாகத் தள்ளி மூடினாள்.

"அத அவிய வந்து எடுக்கட்டும்" என்றாள்.

டிராயர் இப்போது சுண்டுவிரலால் இழுத்தாலே வருகிறது, ஐயா. வந்து எடு.